கழல மறுக்கும் திருகாணிகள்

பாய்மரத்தில் புதிய க்ளீட் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் பிடி) ஒன்றைப் பொருத்த அரை மணி நேரம் போதும். அதே இடத்தில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் பழைய க்ளீட்டைக் கழற்ற ஒரு சனிக்கிழமை முழுவதும் போய்விடும். அன்றும் முடியாமல் மறுவாரத்துக்குத் தள்ளிப்போவதும் உண்டு. சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்த்த காலத்தில் பெரிய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியவன் நான். இப்போது நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சாங்கிப் பக்கம் ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகைப் பராமரித்து வருகிறேன். கப்பலில் கற்றது படகுக்கு அப்படியே பொருந்துவதில்லை. கப்பலில் பெரும்பாலும் இரும்போடு இரும்பு. கேஸ் டார்ச்சால் சூடேற்றலாம், இல்லையென்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போடலாம். படகிலோ அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெண்கலம், ஃபைபர் எல்லாம் ஒரு சாண் இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் பக்கத்தில் இருப்பதற்கு விஷமாகிவிடும்.

திருகாணி அசையவில்லை என்றவுடன் கை தானாகவே நீளமான ஸ்பேனரைத் தேடும். அதற்கு முன், உள்ளே எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. அலுமினியம் அரித்து உண்டான வெள்ளைப் பொடி மரைக்குள் (திருகாணியின் சுருள் பள்ளங்களுக்குள்) இறுகியிருக்கலாம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நட்டும் எஸ்.எஸ். போல்ட்டும் உரசி உரசி ஒரே உலோகமாகவே ஒட்டியிருக்கலாம். சாதாரண எஃகு துருப்பிடித்து வீங்கியிருக்கலாம். முன்பு வேலை செய்தவர் தாராளமாகப் பிதுக்கிய பசை பிடித்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ‘திரும்பவில்லை’ என்ற ஒரே நோய்தான். ஆனால் பொடிக்கு உதவும் சூடு பசைக்கு வேறு அளவில் வேண்டும். துருவுக்கு உதவும் சுத்தியல், ஒட்டிப்போன எஸ்.எஸ். மரையை மேலும் கெடுக்கும்.

குளிர் நாடுகளில் படகை ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றிப் பனிக்காலம் முடியும்வரை மூடி வைப்பது வழக்கம்; அந்தச் சாக்கில் எல்லாத் திருகாணியையும் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்துவிடுவார்கள். சிங்கப்பூரில் அப்படியொரு கட்டாயம் இல்லை. படகு பன்னிரண்டு மாதமும் தண்ணீரில் கிடக்கிறது. கடல்நீர் எப்போதும் 28 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை உப்பைக் கழுவிவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தளத்தின் மேற்பரப்பைப் பொறுத்தவரை அது சரிதான். திருகாணித் தலைக்கு அடியில் இருக்கும் மயிரிழை இடுக்கில் நடப்பது வேறு: மழைநீர் உப்பைக் கரைத்து உள்ளே கொண்டுபோகிறது, மதிய வெயில் நீரை மட்டும் ஆவியாக்கி உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது, இரவில் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னைத் தானே நனைத்துக்கொள்கிறது. சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே நீர்விடத் தொடங்கும்; நம் ஊர் இரவுகளில் ஈரப்பதம் அதற்கும் மேலேதான். ஆகையால் நம் படகின் மரைகளுக்குள் அரிப்பு விடுமுறை எடுப்பதே இல்லை.

அலுமினியப் பாய்மரத்தில் எஸ்.எஸ். திருகாணி என்பதுதான் நம்மை அதிகம் வாட்டும் சேர்க்கை. உப்புநீரில் நனைந்த இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு சிறிய மின்கலம். அதில் கரையும் முனை அலுமினியம், எஸ்.எஸ். திருகாணி பளபளவென்று அப்படியே இருக்கும். கரைந்த அலுமினியம் ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறி, முன்பு உலோகமாக இருந்தபோது அடைத்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரையின் பள்ளங்களில் அதற்குப் போக இடமில்லை. ஆகவே திருகாணியை நாலாபுறமும் நெரிக்கிறது. அடையாளம் சுலபம். திருகாணித் தலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும்; கொப்புளத்தை நகத்தால் கீறினால் ஈர முகப்பவுடர் போன்ற வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். இதைப் பார்த்தால் எந்த எண்ணெயும் ஒரே நாளில் வேலை செய்யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பொடிக்கு நான் முதலில் கொடுப்பது கொதிக்கும் தண்ணீர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உப்பைக் கரைப்பதற்குத் தண்ணீரைவிடச் சிறந்த பொருள் கிடையாது. சூடும் கூடவே கிடைக்கிறது. தீப்பற்றும் அபாயமும் இல்லை. பழைய துணியைத் திருகாணித் தலையின் மேல் சுற்றி, கெட்டிலிலிருந்து மெதுவாக ஊற்றி, ஆறவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சில மணி நேரம் கட்டிவைத்தால் பொடி கொஞ்சம் இளகும். வினிகர் நல்ல அலுமினியத்தையும் மெல்லத் தின்னும் என்பதால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். காய்ந்த பிறகுதான் எண்ணெய்.

எண்ணெய் என்றதும் எல்லாரும் எடுப்பது டபிள்யூடி-40. அது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவானது. பெயரே ‘நீரை வெளியேற்றும் நாற்பதாவது கலவை’ என்பதன் சுருக்கம்தான். உலோகத்தின் மேலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க அது கெட்டிக்காரப் பொருள். இறுகிய மரைக்குள் நுழைவதற்கென்று செய்யப்பட்டதல்ல. அதே நிறுவனம் அதற்குத் தனியாக வேறொரு டப்பாவை விற்கிறது. பட்டறை ஆட்கள் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பயன்படுத்துவார்கள். வேலை செய்யும். ஆனால் இரண்டும் சரியாகக் கலக்காமல் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் சுலபமாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் அதை ஊற்றிய இடத்துக்கு அன்று சூடு கொண்டுபோகவே கூடாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் அதன் உண்மையான விலை காத்திருப்புதான். மாலையில் விட்டு, மறுநாள் காலையில் விட்டு, இடையிடையே தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு வருவது, ஒரே மூச்சில் டப்பாவைக் காலி செய்வதைவிட அதிகம் சாதிக்கும்.

அடுத்தது சூடு. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறக்குறைய 23 மைக்ரோமீட்டர் விரிகிறது. 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 16தான். இரண்டையும் சேர்த்துச் சூடேற்றினாலும் துளை திருகாணியைவிடச் சற்று அதிகம் பெரிதாகும். எவ்வளவு? 6 மில்லிமீட்டர் திருகாணியை 100 டிகிரி உயர்த்தினால் கிடைக்கும் கூடுதல் இடைவெளி வெறும் 0.004 மில்லிமீட்டர். திருகாணி தானாக விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் பொடி உடைவதற்கும் அடுத்து விடும் எண்ணெய் உள்ளே நுழைவதற்கும் அந்த இழை இடைவெளி போதுமானது. அதனால்தான் ஒரேயடியாகக் கொளுத்துவதைவிடச் சூடேற்றி ஆறவிட்டு, மீண்டும் சூடேற்றி ஆறவிடுவது பலன் தருகிறது. பாய்மரக் குழாய் வெப்பப் பதனிட்டு உறுதியாக்கப்பட்ட அலுமினியம். 200 டிகிரியைத் தாண்டினால் அந்த உறுதி குறையத் தொடங்கும். இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் எச்சரிக்காது. 660 டிகிரிக்கு முன்பே, நிறம் மாறாமலேயே உருகி விழும். ஆகவே பாய்மரத்துக்கு ஹீட் கன் மட்டும். கேஸ் டார்ச் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஃபைபர் தளத்தில் பதிந்த திருகாணி என்றால் ஹீட் கன்கூட அதிகம். படகுகளில் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் நீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். அங்கே பெரிய சால்டரிங் அயர்னின் முனையைத் திருகாணித் தலையில் சில நிமிடம் அழுத்தி வைப்பேன். சூடு ஆணி வழியாக நேராக மரைக்குப் போகும், சுற்றியுள்ள ஃபைபர் தப்பிக்கும்.

சூடு பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் தீப்பொறி வரும் எந்த வேலைக்கும் ஹாட் வொர்க் பெர்மிட் இல்லாமல் யாரும் கை வைக்க மாட்டோம். சொந்தப் படகு என்றதும் அந்தப் பயம் பலருக்குப் போய்விடுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; அது படகின் அடித்தட்டில் இறங்கித் தேங்கி நிற்கும், மேலே நிற்பவரின் மூக்குக்கு வாசனை எட்டாமலே போகலாம். படகுத்துறை நிர்வாகத்திடம் அனுமதி கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அடித்தட்டைத் திறந்து காற்றோட்டம் விடாமல் சூடேற்றும் எந்தக் கருவியையும் இயக்கக் கூடாது.

இனித் திருப்புளி. கழலாத திருகாணியில் பாதி, தவறான முனையால்தான் உண்மையிலேயே கழலாததாக ஆக்கப்படுகிறது. ஐரோப்பாவில் கட்டிய படகுகளில் ‘பொசிடிரைவ்’ தலைகள் அதிகம். பார்க்க ‘ஃபிலிப்ஸ்’ போலவே இருக்கும், ஆனால் சிலுவையின் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் இருக்கும். அதில் ஃபிலிப்ஸ் முனையை வைத்தால் முதல் திருகலிலேயே நழுவி, பள்ளத்தின் விளிம்பைச் சீவிவிடும். பள்ளத்துக்குள் படிந்த பெயின்ட்டையும் உப்பையும் ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை முனையில் கொஞ்சம் தடவினால் பிடி கணிசமாகக் கூடும். பிறகு சுத்தியலால் அடிக்கும் வகை இம்பேக்ட் டிரைவர். அதன் சிறப்பு, ஒவ்வொரு அடியும் முனையைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே திருப்புவதுதான். நழுவ வாய்ப்பே தராது. அடியின் அதிர்வு பொடியையும் உடைக்கிறது.

பட்டறையில் என்னோடு வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் ஓய்வு நாளில் உதவிக்கு வருவார். அவருக்குப் பெரிய சுத்தியல்தான் பிடிக்கும்.

“அண்ணே, அசையவே மாட்டேங்குது. நாலு பவுண்டு சுத்தியலை எடுக்கட்டுமா?”

“வேணாம் தம்பி. தலையச் சுத்திப் பாரு, வெள்ளையா மாவு கசியுது. அது உள்ள உடைய ஆரம்பிச்சிருச்சு. எண்ணெய விட்டுட்டு வா, தே குடிச்சிட்டு வருவோம்.”

பாய்மரச் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெற்றுக்குழாய் என்பதை மறந்து ஓங்கி அடித்தால் திருகாணியோடு சேர்ந்து சுவரும் உள்வாங்கிவிடும். நடுத்தர எடையுள்ள சுத்தியலால், ஒரே சீராக, பல அடிகள் என்பதே முறை.

அசையத் தொடங்கும் கணத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். நன்றாகக் கழலப் போகும் திருகாணி முதலில் ‘கிரீச்’ என்று ஒரு சிறு ஒலி எழுப்பி, ஒரு தலைமயிர் அளவு திடுக்கென்று நகரும், நின்றுவிடும், மறுபடி நகரும். முறியப் போகும் திருகாணி ஒலியே எழுப்பாது. ஸ்பேனர் வழுவழுவென்று, எதிர்ப்பு குறைந்துகொண்டே, ரப்பரைத் திருகுவதுபோல் சுற்றி வரும். அந்த மென்மை கைக்குத் தெரிந்த உடனே நிறுத்த வேண்டும். திரும்பத் தொடங்கிய திருகாணியையும் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, எண்ணெய், மறுபடி கால் சுற்று. உள்ளே திருப்புவது நேர விரயமாகத் தோன்றும். ஆனால் உடைந்த பொடி மரையில் சிக்கிக்கொள்ளாமல் வெளியேறுவது அந்தப் பின்னோட்டத்தால்தான்.

எஸ்.எஸ். மரையோடு எஸ்.எஸ். மரை ஒட்டிக்கொள்வது முற்றிலும் வேறு கதை. அங்கே துருவும் இல்லை, பொடியும் இல்லை. நேற்று வாங்கிய புது போல்ட்டில்கூட நடக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாக உண்டாகும், கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். அழுத்தத்தோடு வேகமாகத் திருகும்போது அந்தப் படலம் கிழிந்து, வெற்று உலோகமும் வெற்று உலோகமும் முகத்தோடு முகம் சேர்ந்து, சூடே இல்லாமல் பற்றவைத்ததுபோல் ஒன்றாகிவிடும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் அடியில், அவற்றைத் திருகி இறுக்குவதற்காக இருக்கும் டர்ன்பக்கிள்களில் இது அதிகம். திருகும்போது திடீரென்று கனத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் அறிகுறி. அதற்கு மேல் ஒரு சுற்றுகூட முன்னே போகக் கூடாது. எண்ணெய் விட்டு, முழுவதும் ஆறவிட்டு, வந்த வழியே மெதுவாகத் திரும்பினால் சில சமயம் பிழைக்கும். முழுவதும் ஒட்டிவிட்டால் எந்த எண்ணெயும் நுழைய இடமில்லை. ரம்பத்தால் அறுத்துப் புது டர்ன்பக்கிள் போடுவதே வழி, அதற்காக வருத்தப்படுவதிலும் பொருளில்லை. டர்ன்பக்கிளைத் தொடும் முன் பாயை மேலே ஏற்றும் ஹால்யார்ட் கயிற்றை அந்தப் பக்கத்துத் தளத்தில் இறுகக் கட்டிப் பாய்மரத்தைத் தாங்க வைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இழுவிசை குறையாத டர்ன்பக்கிளைத் திருகுவதுதான் மரைகள் ஒட்டிப்போக முதல் காரணம். வெண்கல உடலும் எஸ்.எஸ். ஆணியும் உள்ள டர்ன்பக்கிள்களில் இந்தத் தொல்லை குறைவு. மாற்றும்போது நான் அவற்றைத்தான் தேடுவேன்.

சாதாரண எஃகு போல்ட் படகில் இருக்கும் இடம் பெரும்பாலும் எஞ்சின்தான். துருவுக்குச் சூடும் எண்ணெயும் சுத்தியலும் மூன்றுமே ஒத்துவரும் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு பழைய வித்தை: போல்ட்டைச் சுற்றிச் சூடேற்றிவிட்டு, தீயை அணைத்த பின், மெழுகுவர்த்தியின் முனையை மரை தொடங்கும் இடத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படும். எண்ணெய் புகைந்து போகும் சூட்டிலும் மெழுகு உள்ளே போகிறது. முறிந்து நிற்கும் ஆணியின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு திருப்புவது பட்டறை முறை; படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் அலுமினிய உடலில் முறிந்த எஃகு போல்ட்டுகளுக்கு அதைவிட நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை.

பசையைக் கண்டுபிடிப்பது எளிது: நட்டைக் கழற்றிய பின்னும் பொருள் தளத்தைவிட்டு எழாது. 3எம் 5200 போன்ற பாலியூரித்தேன் பசையைக் கொண்டு ஒட்டியவர், இனி எவரும் இதைக் கழற்றப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர். நெம்புகோலைச் செருகி நெம்பினால் பசை விடாது, ஃபைபரின் மேல்பூச்சுதான் தாள் தாளாகப் பெயர்ந்து வரும். மெல்லிய கம்பியின் இரு முனைகளிலும் கட்டை கட்டி, பொருளுக்கும் தளத்துக்கும் இடையே ரம்பம்போல் இழுத்து அறுப்பதுதான் பாதுகாப்பு. ஹீட் கன்னைத் தாழ்ந்த சூட்டில் உலோகத்தின் மேல் மட்டும் காட்டினால் அறுப்பது இலகுவாகும். மரை கழலாமல் பிடிக்கும் திரவப் பசையான லாக்டைட்டின் சிவப்பு வகையை ஊற்றியிருந்தால் அது ஏறக்குறைய 250 டிகிரியில்தான் விடும், ஃபைபருக்கு அருகே அந்தச் சூடு கூடவே கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் தலையைத் துளைத்து எடுப்பதே மேல்.

நீர்மட்டத்துக்குக் கீழே, படகின் உடலிலுள்ள துளைகளைத் திறந்து மூடும் சீகாக் வால்வுகள் தனி இனம். படகு தண்ணீரில் மிதக்கும்போது இறுகிய சீகாக் கைப்பிடியில் குழாயைச் செருகி நெம்புவது, படகின் அடியில் ஓட்டை போடுவதற்குச் சமம். பித்தளையில் செய்த வால்வு என்றால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டுத் தாமிரத்தை மட்டும் நுரைபோல் விட்டுவைத்திருக்கும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். அந்த நிறம் தெரிந்தால் வால்வை அசைக்க முயலாமல் கரையேற்றி மாற்றிவிட வேண்டும். நல்ல வெண்கல வால்வு என்றாலும் கரையேற்றிய பிறகே வேலை. வெளிப்பக்கத் துளையில் வளர்ந்திருக்கும் சிப்பிகளைச் சுரண்டி எடுத்தாலே பல வால்வுகள் திரும்பிவிடுகின்றன. கூம்பு வடிவ வகையில் பின்னால் இருக்கும் நட்டைச் சற்றுத் தளர்த்தி, கூம்பின் சிறிய முனையை மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். வால்வு உடைந்தால் உடனே அடைக்க, ஒவ்வொரு துளைக்கும் அருகே அதன் அளவுக்குச் செதுக்கிய மென்மரக் கட்டை ஒன்று கயிற்றில் தொங்கட்டும்.

ப்ரொபெல்லரைப் பிடித்திருப்பது மரை அல்ல, கூம்புப் பொருத்தம். நட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, ஆனால் கழற்றாமல், புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி இறுக்க வேண்டும். இழுவிசை ஏறியதும் ப்ரொபெல்லர் நடுப்பகுதியின் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கலாகப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் அடித்தால் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒலியோடு விடும். நட்டு அங்கே இருப்பதால் காலில் விழாது. தண்டின் நுனியில் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அந்த அடி முழுவதும் உள்ளே கியர்பாக்ஸ் பேரிங்குக்குத்தான் போகிறது.

எதற்கும் அசையாவிட்டால் துளைக்க வேண்டியதுதான். இதில் என் கருத்து சற்றுப் பிடிவாதமானது: ஈசி-அவுட் என்ற எதிர்மரைக் கருவியைச் சிறிய எஸ்.எஸ். திருகாணிகளில் பயன்படுத்தவே கூடாது. திருகாணியே முறியும் அளவுக்கு இறுகியிருக்கும்போது, அதன் நடுவில் குடைந்த துளைக்குள் போகும் இன்னும் மெல்லிய கருவி மட்டும் எப்படித் தாங்கும்? அது உள்ளேயே முறிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் தொடக்கூட முடியாது. அதைவிட, திருகாணித் தண்டின் அளவுள்ள டிரில்லால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுவது எளிது. தலை போனதும் இழுவிசை போய்விடும், க்ளீட்டை மேலே தூக்கி எடுத்துவிடலாம், பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ்-கிரிப்பால் கவ்விச் சூடேற்றித் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துளைப்பதில் வேகம்தான் எதிரி. டிரில் முனை வெட்டாமல் உரசினால் அந்த இடம் கடினமாகி, அடுத்த முனையையும் மழுக்கிவிடும். கோபால்ட் கலந்த கூர்மையான முனை, குறைந்த வேகம், உடல் எடையைச் சாய்த்த அழுத்தம், விடாமல் வெட்டெண்ணெய். சுருள் சுருளாக வெட்டுத்தூள் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். கீச்சொலி மட்டும் வந்து தூள் வரவில்லை என்றால் நிறுத்தி முனையை மாற்ற வேண்டும். எதிர்ச்சுற்று டிரில் முனைகள் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. துளைக்கும்போதே அந்தத் திசை திருகாணியை வெளியே சுழற்றிக் கொண்டுவந்துவிடுவதுண்டு. பாய்மரத்தின் மரை கெட்டுவிட்டால் எஃகுச் சுருள் செருகி மரையைப் புதுப்பிப்பதைவிட அடுத்த அளவுக்குப் போவது எனக்குப் பிடிக்கும்: எம்6 இருந்த இடத்தில் 6.8 மில்லிமீட்டர் துளையிட்டு எம்8 மரை வெட்டிக்கொள்ளலாம்.

புதிய போல்ட்டை ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் வாங்கும்போது தலையில் பொறித்திருப்பதைப் பார்க்க வேண்டும். ஏ2 என்றால் 304 வகை. ஏ4 என்றால் மாலிப்டினம் சேர்ந்த 316 வகை. கடைக்காரர் இரண்டையும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றுதான் சொல்வார், விலையிலும் சில்லறை வித்தியாசம்தான். கடலுக்கு ஏ4 மட்டும்.

மாட்டும்போது அலுமினியத்துக்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் நடுவே தண்ணீர் நுழையாமல் தடுத்துவிட்டால் இவ்வளவு பாடும் அடுத்த முறை இருக்காது. டெஃப்-ஜெல், டியூராலாக், லேனோலின் கலந்த கிரீஸ் எல்லாம் அதற்காகத்தான். மரை முழுவதும் தடவி, தலைக்கு அடியிலும் தடவி, க்ளீட்டுக்கும் பாய்மரத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றையும் வைப்பேன். கார் பட்டறைகளில் கிடைக்கும் செம்புத்தூள் கலந்த கிரீஸை அலுமினியத்தில் தடவக் கூடாது. அலுமினியத்துக்குச் செம்பு எஸ்.எஸ்.ஸைப் போலவே ஆகாத உறவு. எஸ்.எஸ். மரையோடு எஸ்.எஸ். மரை சேரும் இடத்தில் கிரீஸ் தடவி, மின்கருவி இல்லாமல் கையால் மெதுவாக முடுக்க வேண்டும்.

கடைசியாக, தளத்தில் சிதறிய வெட்டுத்தூளை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் அது வெள்ளைத் தளத்தில் காவி நிறப் புள்ளிகளை விட்டுவிடும், தேய்த்தாலும் சுலபத்தில் போகாது. 316 வகைத் தூளில் பெரும்பகுதி காந்தத்தில் ஒட்டாது, அலுமினியம் ஒட்டவே ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பாமல் வேக்குவம் போட்டு உறிஞ்சி, பிறகு ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியைத் தளத்திலேயே போட்டுவிடாமல் குப்பைப் பைக்குள் கட்டிக் கரைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.